டெர்பி தம்பதியின் விண்ணப்பம்: தீர்ப்பு வந்தும் முடிவு வராத ஒரு வளர்ப்புப் பெற்றோர் வழக்கு

2007 ஜனவரியில், இங்கிலாந்தின் டெர்பி நகரத்தில் வாழ்ந்த ஓவன் ஜான்ஸ், யூனிஸ் ஜான்ஸ் என்ற கணவனும் மனைவியும் தங்களை வளர்ப்புப் பெற்றோராக ஏற்கும்படி நகர மன்றத்துக்கு விண்ணப்பித்தார்கள். இருவரும் பெந்தெகொஸ்தே சபையினர். சொந்தப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர்கள். இந்த வேலை அவர்களுக்குப் புதிதல்ல. 1990களின் முற்பகுதியில் இதே நகர மன்றத்தின் ஒப்புதலோடு பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் வைத்துப் பராமரித்திருந்தார்கள். இம்முறை அவர்கள் கேட்டதும் பெரிதல்ல. பத்து வயதுக்குட்பட்ட ஒரு பிள்ளையைக் குறுகிய காலத்துக்கு வைத்திருந்து, அதன் நிரந்தரப் பராமரிப்பாளருக்குச் சற்று ஓய்வு தரும் பணியைத்தான் கேட்டார்கள்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2011 பிப்ரவரி 28 அன்று, இந்த விண்ணப்பம் இங்கிலாந்து உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பொன்றில் வந்து நின்றது. தன்பாலின உறவைத் தவறென்று நம்பும் கிறிஸ்தவர்கள் இனி வளர்ப்புப் பெற்றோராக முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது என்பதே அன்று பரவிய செய்தி. இன்றும் இந்த வழக்கை எடுத்துக்காட்டுபவர்களில் பலர், ஆதரிப்பவரானாலும் எதிர்ப்பவரானாலும், அப்படித்தான் சொல்கிறார்கள். தீர்ப்பை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தால் அதில் அப்படி ஒரு விதி இல்லை. ஜான்ஸ் தம்பதிக்குத் தகுதி இல்லை என்ற முடிவும் அதில் இல்லை. அவர்களுடைய விண்ணப்பம் எப்படிப் போய் எங்கே சிக்கியது என்பதைக் கட்டம் கட்டமாகப் பார்ப்பதே இந்த ஆய்வின் நோக்கம்.

தத்தெடுப்புக்கும் வளர்ப்புப் பராமரிப்புக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகாமல் இந்த வழக்கு விளங்காது. தத்தெடுத்தால் பிள்ளை சட்டப்படி அந்தக் குடும்பத்தின் பிள்ளையாகிவிடுகிறது. வளர்ப்புப் பராமரிப்பில் அப்படியில்லை. 1989ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் கீழ், பெற்றோரிடம் இருக்க முடியாத பிள்ளையின் பொறுப்பு உள்ளாட்சி மன்றத்திடம் வருகிறது. அப்பிள்ளையின் நலனைக் காப்பதும் மேம்படுத்துவதும் மன்றத்தின் கடமை. வளர்ப்புப் பெற்றோர் அந்தக் கடமையை மன்றத்தின் சார்பில் தங்கள் வீட்டில் நிறைவேற்றுபவர்கள். பெற்றோருக்குரிய சட்டப் பொறுப்பு அவர்களுக்கு வருவதில்லை. பிள்ளையின் தலைமுடியை வெட்டலாமா, தோழியின் வீட்டில் ஓர் இரவு தங்க விடலாமா என்பதைக்கூட யார் முடிவு செய்வது என்று முன்கூட்டியே பேசி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வருகிற பிள்ளை எந்த மதத்தைச் சேர்ந்ததாகவும் இருக்கலாம். எந்த மதமும் இல்லாததாகவும் இருக்கலாம். நாளை பெற்றோரிடமே திரும்பியும் போகலாம்.

ஆகவே விண்ணப்பிப்பவரைப் பற்றிய விசாரணை மிக ஆழமாகப் போகும். காவல் துறைப் பதிவு, மருத்துவச் சான்று, நன்னடத்தைக்குச் சாட்சி சொல்பவர்கள் ஆகியவற்றோடு அது முடிவதில்லை. சமூகப் பணியாளர் பல மாதங்களில் பலமுறை வீட்டுக்கு வந்து, விண்ணப்பதாரர் தம் சிறுவயதில் எப்படி வளர்க்கப்பட்டார், கணவன் மனைவிக்குள் சண்டை வந்தால் எப்படித் தீர்த்துக்கொள்கிறார்கள், பிள்ளை பொய் சொன்னால் என்ன செய்வார்கள், வீட்டில் நாய் இருந்தால் அதன் சுபாவம் என்ன என்பது வரை கேட்டு நீண்ட அறிக்கை எழுதுவார். அந்த அறிக்கை ஒரு குழுவின் முன் வைக்கப்படும். குழு பரிந்துரைக்க, நிறுவனத்தின் பொறுப்பதிகாரி முடிவெடுப்பார். ஒருவருடைய நம்பிக்கையைப் பற்றிக் கேட்பதும் இந்த விசாரணையில் அடக்கம். இதைத் துருவல் என்று சொல்பவர்கள் உண்டு. பெற்றோரைப் பிரிந்த ஒரு பிள்ளையை அந்நியர் வீட்டுக்கு அனுப்புகிறவர் துருவாமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும் என்பது என் கருத்து.

ஜான்ஸ் தம்பதி விண்ணப்பித்தபோது நடைமுறையில் இருந்தவை 2002ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளும் அவற்றோடு வெளியான தேசியக் குறைந்தபட்சத் தரநிலைகளும். அந்தத் தரநிலைகளில் ஏழாவது, பிள்ளையின் பன்முகத் தன்மையை மதிப்பது பற்றியது. பிள்ளையின் மதம், இனம், மொழி, பண்பாடு, ஊனம் ஆகியவற்றோடு பாலியல்பையும் அது ஒரே வரிசையில் வைத்தது. ஒரே தரநிலை, பிள்ளையின் மதத்தை மதி என்றும் சொன்னது. பிள்ளையின் பாலியல்பை மதி என்றும் சொன்னது.

இதற்கு மேல் சட்டமும் நடுவழியில் மாறியது. விண்ணப்பம் போனது ஜனவரியில். பொருள்களையும் சேவைகளையும் வழங்குவதில் மத அடிப்படையில் பாகுபாடு கூடாது என்ற 2006ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் பகுதியும், பாலியல் நாட்டத்தின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்ற 2007ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளும் அதே ஆண்டு ஏப்ரல் 30 அன்று, ஒரே நாளில், நடைமுறைக்கு வந்தன. கத்தோலிக்கத் தத்தெடுப்பு நிறுவனங்கள் தங்களை மாற்றிக்கொள்ள 2008 இறுதிவரை அவகாசம் பெற்றிருந்தன. அரசியலில் இது சூடான விவாதமாக ஓடிக்கொண்டிருந்த மாதங்களில்தான் டெர்பியில் சமூகப் பணியாளர் ஜான்ஸ் வீட்டில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். 1992இல் அவர்களைத் தடையின்றி உள்ளே விட்ட அதே மன்றம் இப்போது வேறு கேள்விகளைக் கேட்டதற்கு இதுவே காரணம். தம்பதி மாறவில்லை, அவர்களைச் சுற்றியிருந்த சட்டம் மாறியிருந்தது.

சமூகப் பணியாளர் வைத்த கேள்விகளில் சில கற்பனைச் சூழல்கள் இருந்தன. உங்களிடம் இருக்கும் பிள்ளைக்குத் தன் பாலியல்பு பற்றிக் குழப்பம் வந்து, தான் தன்பாலீர்ப்பு கொண்டவனோ என்று எண்ணினால் என்ன செய்வீர்கள்? அதற்காகப் பள்ளியில் மற்றவர்கள் அவனைக் கேலி செய்து கொடுமைப்படுத்தினால்? பிள்ளையின் பெற்றோரே தன்பாலினத் தம்பதியாக இருந்தால்?

பதில்கள் மழுப்பல் இல்லாதவை. தன்பாலின வாழ்க்கை முறை ஏற்கத்தக்கது என்று ஒரு பிள்ளையிடம் தம்மால் சொல்ல முடியாது என்றார் யூனிஸ். அப்படிப்பட்ட பிள்ளையை மெதுவாக வேறு பக்கம் திருப்பப் பார்ப்பேன் என்ற பொருளில் ஓவன் பேசினார். கேலிக்கு ஆளாகும் பிள்ளைக்குத் தைரியம் சொல்லி, அதைப் பொருட்படுத்தாதே என்று சொல்வேன் என்றார் யூனிஸ். பிள்ளையின் பெற்றோர் தன்பாலினத்தவராக இருப்பது தமக்கு ஒரு பொருட்டல்ல, அவர்களோடு சேர்ந்து பணியாற்ற முடியும் என்றார் ஓவன். இருவரும் அன்பும் விருந்தோம்பலும் உடையவர்கள், எந்தப் பிள்ளைக்கும் வீட்டை வசதியாக்கித் தர முயல்பவர்கள் என்றும் அதே மதிப்பீட்டில் பதிவாகியிருக்கிறது. இந்தப் பதில்களை ஒட்டுமொத்தமாகப் படிக்கும்போது தெரிவது, நம்பிக்கையில் ஒரே நிலையில் நின்ற இருவரும் அந்த நம்பிக்கை நடைமுறையில் என்ன செய்யும் என்பதில் வெவ்வேறு பதில்களைக் கொண்டிருந்தார்கள் என்பதுதான். பொருட்டல்ல என்று சொன்ன ஓவன்தான் திருப்பப் பார்ப்பேன் என்றும் சொன்னார். நல்ல மதிப்பீடு இந்த இடத்தில்தான் ஆழமாக இறங்கியிருக்க வேண்டும்: திருப்புவது என்றால் என்ன, ஜெபிப்பதா, பேசிப் பார்ப்பதா, சும்மா இருப்பதா? எட்டு வயதுப் பிள்ளையிடம் இந்தப் பேச்சு எந்த வடிவில் எழும்? அந்தக் கேள்விகள் பதிலில்லாமலே நின்றுவிட்டன.

விண்ணப்பம் இடையில் நின்றது, மறுபடி நகர்ந்தது. மன்றத்தின் தரப்பில் அதிகாரிகள் தரநிலையைச் சுட்டினார்கள். தம்பதி தங்கள் மனச்சாட்சியைச் சுட்டினார்கள். கிறிஸ்தவச் சட்ட உதவி அமைப்பொன்று தம்பதிக்குத் துணை வந்தது. கோப்பு குழுவின் முன் போயும் ஏற்பு என்றோ மறுப்பு என்றோ இறுதி முடிவு வரவில்லை. ஆண்டுக்கணக்கில் ஒரு குடும்பத்தை இப்படி நிறுத்தி வைத்தது மன்றத்தின் பெரிய குறை என்றே சொல்ல வேண்டும். காரணங்களைச் சொல்லி மறுத்திருந்தால் அந்தக் காரணங்களை நீதிமன்றம் எடைபோட்டிருக்கும். நிபந்தனையோடு ஏற்றிருந்தால் யாரோ ஒரு பிள்ளைக்குச் சில வார இறுதிகளுக்கு ஓர் இடம் கிடைத்திருக்கும்.

முடிவெடுப்பதற்குப் பதிலாக இரு தரப்பும் சேர்ந்து ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன. பொதுக் கேள்வி ஒன்றை உயர் நீதிமன்றத்தின் முன் வைத்து, அதற்கு விளம்புகை, அதாவது சட்டநிலை இதுதான் என்ற நீதிமன்ற அறிவிப்பு, கேட்பது என்பதே அந்த ஏற்பாடு. மத நம்பிக்கையின் காரணமாகத் தன்பாலின உறவைப் பற்றி எதிர்மறையான கருத்தைக் கொண்டவரும் வெளிப்படுத்துபவரும் வளர்ப்புப் பெற்றோராகத் தகுதியானவரா என்று முடிவு செய்யும்போது, சமத்துவச் சட்டங்கள், மனித உரிமைச் சட்டம், தேசியத் தரநிலைகள் ஆகியவற்றை மன்றம் எப்படிச் சமன் செய்ய வேண்டும் என்பதுதான் கேள்வி. திருமணத்துக்கு வெளியேயான பாலுறவு ஒழுக்கத்துக்கு ஏற்றதல்ல என்று நம்புவது ஒன்றையே காரணமாக்கி ஒருவரைத் தகுதியற்றவர் என்று கருதக் கூடாது எனவும், குறிப்பிட்ட ஒரு பிள்ளையின் தேவை இல்லாதபோது இந்தக் கருத்துகளைக் கேட்பதே சட்டவிரோதம் எனவும் நீதிமன்றம் அறிவிக்க வேண்டும் என்று தம்பதி கோரினார்கள். தன்பாலின உறவுகளை வெறுக்கிறவரையோ, அவற்றை மதிக்க இயலாதவரையோ ஏற்க மறுப்பது சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்கலாம் என்று அறிவிக்கும்படி மன்றம் கோரியது. சமத்துவ, மனித உரிமை ஆணையம் இடையீட்டாளராக, அதாவது இரு தரப்பிலும் சேராமல் வாதத்தை முன்வைப்பவராக, வந்தது.

மன்பி, பீட்சன் ஆகிய இரு நீதிபதிகளும் 2010 நவம்பரில் வழக்கைக் கேட்டார்கள். தீர்ப்பின் பெரும்பகுதி தம்பதியின் தரப்பு வாதத்தை மறுப்பதில் செலவாகிறது. கிறிஸ்தவர்கள் வளர்ப்புப் பெற்றோராகத் தகுதியற்றவர்கள் என்று சொல்லப்படுவதாகவும், அதே அளவுகோல் நீண்டால் யூதர்களும் முஸ்லிம்களும் விலக்கப்படுவார்கள் என்றும் வழக்கறிஞர் வாதிட்டிருந்தார். கிறிஸ்தவர்கள் தகுதியற்றவர்கள் என்று யாரும் சொல்லவில்லை, இது உண்மை நிலையைக் கேலிக்கூத்தாக்குவது என்று நீதிபதிகள் காரமாகவே எழுதினார்கள். நம்பிக்கை கொண்டிருக்கும் உரிமை முழுமையானது, அதைச் செயலில் வெளிப்படுத்தும் உரிமை வரம்புக்குட்பட்டது என்ற ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 9ஆம் பிரிவு நிலைப்பாட்டைத் திரும்பச் சொன்னார்கள். இங்கிலாந்து சமயச்சார்பற்ற, பன்மைத்துவ ஜனநாயக நாடு, மதத்தின் ஆட்சி நடக்கும் நாடு அல்ல என்ற அவர்களுடைய வரிதான் அடுத்த நாள் பத்திரிகைகளுக்குத் தீனியானது.

ஆனால் வழக்கின் முடிவைத் தீர்மானித்த பகுதிகள் வேறு இடத்தில் இருக்கின்றன. முதலாவது, பாலியல்பு பற்றி விண்ணப்பதாரர் கொண்டிருக்கும் மனப்பாங்கு மதிப்பீட்டுக்குப் பொருத்தமற்றது என்று சொல்ல முடியாது. அதை விசாரிப்பது பகுத்தறிவுக்கு ஒவ்வாத செயலும் அல்ல. தன்பாலின உறவை வெறுக்கும் பராமரிப்பாளரிடம் பிள்ளையை அனுப்பினால் பிள்ளையின் நலனைக் காக்கும் மன்றத்தின் கடமையோடு அது முரண்படக்கூடும் என்றார்கள். ‘முரண்படும்’ என்று அறுதியிட்டுச் சொல்லாமல் ‘முரண்படக்கூடும்’ என்ற அளவில் நிறுத்தியதைக் கவனிக்க வேண்டும். இரண்டாவது, மன்றம் எந்த முடிவையும் எடுக்கவில்லை. எடுக்காத முடிவை மறுஆய்வு செய்ய முடியாது. இரு தரப்பும் கேட்ட பொதுக் கேள்விக்கு, ஒரு குறிப்பிட்ட பிள்ளையும் குறிப்பிட்ட சூழலும் இல்லாமல், பயனுள்ள பதிலைத் தர இயலாது. ஆகவே எந்த விளம்புகையும் இல்லை. பொது அமைப்பின் முடிவு சட்டப்படியானதா என்று நீதிமன்றம் பார்க்கும் நீதிமுறை மறுஆய்வுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. தம்பதி கேட்டதும் கிடைக்கவில்லை, மன்றம் கேட்டதும் கிடைக்கவில்லை.

தங்களுக்குப் பாதகமாக நீதிமன்றம் நடந்துகொண்டதாகத் தம்பதி உணர்ந்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. விளம்புகை மறுக்கப்பட்டாலும் தீர்ப்பின் வாசகங்கள் அவர்கள் வாதத்தின் ஒவ்வொரு தூணையும் அடித்திருந்தன. அதற்கு மேல், ஆணையத்தின் எழுத்துவழி வாதத்தில், வளர்ப்புப் பெற்றோரின் கிறிஸ்தவ ஒழுக்கக் கருத்துகள் பிள்ளையைத் தொற்றிக்கொள்ளக்கூடும் என்ற பொருள்படும் சொல் இடம்பெற்றிருந்தது தீர்ப்புக்குப் பின் வெளியே வந்தது. நோய்க்குப் பயன்படும் சொல்லை ஒரு சமூகத்தின் நம்பிக்கைக்குப் பயன்படுத்தியது தவறு என்று ஒப்புக்கொண்டு ஆணையம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. மேல்முறையீடு நடக்கவில்லை. அப்போது ஓவனுக்கு 65 வயது, யூனிசுக்கு 62.

இதற்கு நேரெதிரே வைத்துப் பார்க்க வேண்டிய வழக்கு கனடாவின் ஹாமில்டன் நகரத்தில் நடந்தது. அங்கும் ஒரு கிறிஸ்தவத் தம்பதி. சீர்திருத்தப் பிரெஸ்பிட்டேரியன் மரபினர். மூன்று, நான்கு வயதுள்ள இரு சகோதரிகள் 2015 டிசம்பரில் அவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். சாண்டா கிளாஸ், ஈஸ்டருக்குப் பிள்ளைகளுக்கு இனிப்பு கொண்டுவருவதாகச் சொல்லப்படும் ஈஸ்டர் முயல் ஆகியவை உண்மை என்று பிள்ளைகளிடம் சொல்வது பொய் சொல்வதாகும், அதைச் செய்ய மாட்டோம் என்பது தம்பதியின் நிலை. ஈஸ்டர் முயல் உண்மை என்று சொல்லியே ஆக வேண்டுமென்று சிறார் நல அமைப்பின் பணியாளர் வற்புறுத்த, தம்பதி மறுக்க, 2016இல் பிள்ளைகள் அழைத்துச் செல்லப்பட்டார்கள். வளர்ப்பு இல்லம் என்ற ஒப்புதலும் ரத்தானது. 2018 மார்ச்சில் ஒன்டாரியோ மேல்நிலை நீதிமன்றம், தம்பதியின் மதச் சுதந்திரமும் கருத்துச் சுதந்திரமும் மீறப்பட்டன என்று தீர்ப்பளித்தது. முயல் விவகாரம் கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் அங்கே நீதிபதியின் மேசையில் ஒரு முடிவு இருந்தது, அதற்குச் சொல்லப்பட்ட காரணம் இருந்தது, இரண்டு பிள்ளைகள் அந்த வீட்டில் எப்படி நடத்தப்பட்டார்கள் என்ற பதிவு இருந்தது. டெர்பி வழக்கில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. இரு வழக்குகளும் வெவ்வேறு நாட்டுச் சட்டங்களின் கீழ் நடந்தவை, எழுந்த கேள்வியின் எடையும் வேறு என்பது உண்மைதான். அப்படியிருந்தும், முடிவுகள் பிரிந்ததற்கு நீதிபதிகளின் சமயப் பார்வையைக் காரணமாக்குபவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

இங்கிலாந்திலேயே பின்னர் வந்த ஒரு தீர்ப்பு டெர்பி விட்டுவைத்த இடத்தைக் கொஞ்சம் நிரப்பியது. சண்டர்லாந்தைச் சேர்ந்த கார்னர்ஸ்டோன் என்ற வளர்ப்புப் பராமரிப்பு நிறுவனம், நற்செய்தி மரபுக் கிறிஸ்தவர்களை மட்டுமே வளர்ப்புப் பெற்றோராகச் சேர்த்துவந்தது. அவர்கள் தன்பாலின உறவில் இருக்கக் கூடாது என்றும் நிபந்தனை விதித்திருந்தது. கண்காணிப்பு அமைப்பான ஆஃப்ஸ்டெட் இதை எதிர்த்தது. 2020இல் உயர் நீதிமன்றமும் 2021 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும், கிறிஸ்தவர்களை மட்டும் சேர்ப்பது சட்டத்துக்கு உட்பட்டது, தன்பாலீர்ப்புள்ளவர்களை விலக்குவது சட்டவிரோதம் என்று பிரித்துச் சொல்லின. கிறிஸ்தவர்களுக்கு வளர்ப்புப் பராமரிப்பின் கதவு அடைபட்டது என்று 2011இல் அச்சப்பட்ட நாட்டில், முழுக்கக் கிறிஸ்தவர்களாலான ஒரு பராமரிப்பு வட்டம் பத்தாண்டு கழித்தும் நீதிமன்ற அங்கீகாரத்தோடு இருக்க முடிந்தது. கிரிஷ் கந்தையா தொடங்கிய ‘ஹோம் ஃபார் குட்’ என்ற தொண்டு அமைப்பு, சபை சபையாகச் சென்று கிறிஸ்தவக் குடும்பங்களை வளர்ப்புப் பெற்றோராகும்படி அழைத்ததும் இதே காலத்தில்தான்.

அப்படிச் சேர்ந்த குடும்பங்களிடமும் இந்தக் கேள்விகள் கேட்கப்படுகின்றன. வேறுபாடு பதிலின் வடிவத்தில் இருக்கிறது. எங்கள் நம்பிக்கை இது என்று சொல்லி நிறுத்துபவரிடமிருந்து மதிப்பீட்டாளருக்கு எழுத ஒன்றும் கிடைப்பதில்லை. எங்கள் நம்பிக்கை இது, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வர விரும்பாத பிள்ளையோடு எங்களில் ஒருவர் வீட்டில் இருப்போம், இந்துப் பிள்ளை வந்தால் தீபாவளியன்று இன்னது செய்வோம், பிள்ளை தன் பாலியல்பு பற்றிப் பேச வந்தால் முதலில் கேட்டுக்கொள்வோம், சமூகப் பணியாளரையும் அழைப்போம் என்று சொல்பவரிடம் நம்பிக்கையும் நடத்தையும் தனித்தனியாகத் தெரிகின்றன. டெர்பி தம்பதியின் சில பதில்கள் இந்தத் திசையை நோக்கித்தான் இருந்தன. மன்றமும் துணை வந்தவர்களும் அவர்களை அந்தத் திசையில் இன்னும் பேசவைத்திருக்கலாம். இரு தரப்பும் கொள்கையின் பக்கம் போயின, விண்ணப்பம் கைவிடப்பட்டது.

நடைமுறை பின்னர் மாறியிருக்கிறது. 2011 ஏப்ரலில் புதிய ஒழுங்குவிதிகளும் தரநிலைகளும் வந்தன. 2013 முதல் மதிப்பீடு இரண்டு கட்டங்களாக நடக்கிறது. தகுதியில்லை என்று நிறுவனம் முடிவெடுக்க முனையும்போது, வெளியாட்கள் அடங்கிய சுதந்திர மறுஆய்வுக் குழுவிடம் விண்ணப்பதாரர் முறையிடும் வழி 2009 ஏப்ரல் 1 முதல் வளர்ப்புப் பராமரிப்புக்கும் விரிவாக்கப்பட்டது. டெர்பி விவகாரம் நீதிமன்றத்துக்குப் போகுமுன்பே திறந்துவிட்ட வழி அது. செலவில்லாதது, மதிப்பீட்டு அறிக்கையையே எடுத்து வைத்துப் பேசக்கூடியது. ஆனால் அங்கே போவதற்கும், காரணங்களோடு எழுதப்பட்ட ஒரு மறுப்புக் கடிதம் கையில் இருக்க வேண்டும். ஓவன், யூனிஸ் ஜான்ஸ் தம்பதிக்கு அந்தக் கடிதத்தை டெர்பி நகர மன்றம் கடைசிவரை அனுப்பவில்லை.